மூச்சு வாங்கிய இடம்

எனக்குப் பதினொரு வயதில் வீட்டில் ஓர் உத்தியோகம் இருந்தது. அப்பத்தாவுக்குக் கடிதம் படித்துக் காட்டும் வேலை. அப்பத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து இரண்டாங்கட்டுக்குப் போய்விடுவாள். செட்டிநாட்டில் எங்கள் ஊரான பள்ளத்தூரில் தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும்போது மணி பதினொன்றாகும். நான் பள்ளிக்கூடம் விட்டு வர நாலரை. அதுவரை கடிதம் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் கிடக்கும். யார் பெயருக்கு வந்திருந்தாலும் சரி, மெட்ராஸிலிருந்து அப்பாவின் அண்ணன் பெரியப்பச்சி எழுதியது என்றால் முதலில் கேட்கிற உரிமை தனக்குத்தான் என்பது அப்பத்தாவின் சட்டம். இன்லண்டின் ஓரத்தைக் கிழிப்பதும் அவள்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும்.

வீட்டின் நடுமுற்றமான வளவில் வெயில் சாய்ந்து தூண்களின் நிழல் நீண்டு கிடக்கும் நேரம். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, “ம், படி ஆத்தா” என்பாள். முடித்தால் கூலி, டின்னிலிருந்து ஒரு மாவுருண்டை.

1987-இல், கார்த்திகை பிறந்த சமயம், அப்பச்சி (எங்கள் அப்பா) பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பச்சி வெளியூர் போயிருந்தார், வர இரண்டு நாள் ஆகும். வழக்கம்போல மேலே பிள்ளையார் சுழி, சிவமயம், நலம் நலமறிய ஆவல், மெட்ராஸில் மழை, பேரன் படிப்பு. வாய்விட்டுப் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், கண் எப்போதும் வாய்க்கு இரண்டு வரி முன்னால் ஓடும். என் கண் கடைசி மடிப்பில் போய் நின்றுவிட்டது. பங்காளிகள் கூடிப் பேசிவிட்டார்கள். வீட்டின் பின்பகுதியான மூன்றாங்கட்டைப் பிரித்து விற்றுவிடலாம் என்று முடிவு. தேக்குத் தூண்களுக்கும் நிலை கதவுகளுக்கும் காரைக்குடி வியாபாரி ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். அதற்கு அடுத்த வரி அப்பத்தாவைப் பற்றி: ஆத்தாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான பிள்ளையைக் கொஞ்ச காலத்தில் அதே வீட்டுக்குள்ளேயே தனி அடுப்பு வைத்துக் குடித்தனம் நடத்தச் சொல்வார்கள். வேறு வைப்பது என்று பெயர். அப்பத்தாவை வேறு வைத்தபோது கொடுத்த அடுப்பு அந்த மூன்றாங்கட்டில்தான் இருந்தது.

நான் அந்த நாலு வரியைத் தாண்டி, ‘மற்றவை நேரில்’ என்று முடித்தேன். மாவுருண்டை கிடைத்தது. அதைத் தின்ன முடியவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். தின்றேன்.

இந்த வருஷம் என் மகளுக்குப் பதினொன்று முடிகிறது. அவளுக்கு என்ன படிக்கக் கொடுப்பது என்று அலமாரியிலிருந்து சில புத்தகங்களை இறக்கினேன். கொடுப்பதற்கு முன் ஒருமுறை நாமே பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்ததில், மாதம் இரண்டு ஓடிவிட்டது, அவளுக்கு இன்னும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. எல்லாமே சிறுவனோ சிறுமியோ பெரியவர்கள் உலகத்துக்குள் கால் வைக்கிற கதைகள். இந்த வகைக்கு ஜெர்மானியர்கள் ஒரு தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். கதே 1795–96-இல் எழுதிய வில்ஹெல்ம் மைஸ்டர் கதையை முன்னோடி என்பார்கள். அதில் நாயகன் தட்டுத்தடுமாறிக் கடைசியில் உலகத்தில் தனக்கென்று ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கிறான். எனக்கு அதில் அவ்வளவு ஒட்டவில்லை. இடம் கிடைத்தவர்களைவிட எதையோ தொலைத்தவர்களின் கதைகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன.

இந்தக் கதைகளைப் பற்றி வழக்கமாகச் சொல்வது, ஒன்றும் தெரியாத குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது என்பது. சாவு தெரிகிறது, காமம் தெரிகிறது, அநியாயம் தெரிகிறது, அதோடு குழந்தைப் பருவம் முடிகிறது. அது பாதிதான் என்று எனக்குப் படுகிறது. எங்கள் ஊரில் எந்தப் பிள்ளைக்குச் சாவு தெரியாது? வளவில் கிடத்தியிருக்கும்போது தூணைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம். தெரிந்த பிறகும் குழந்தைகளாகத்தான் இருந்தோம். தெரிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதன்முதலாக ஒரு பெரியவருக்காக ஒன்றை மறைக்கிறோமே, அந்த இடம்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ 1929-இல் புத்தகமாக வந்தது. அப்புவின் அக்கா துர்கா திருடி என்று பேர் வாங்கியவள். அடி வாங்கியும் ஒப்புக்கொள்ளாதவள். அவள் இறந்து, குடும்பம் ஊரை விட்டுக் காசிக்குக் கிளம்பும்போது, சாமான் ஒதுக்குகிற அப்புவின் கையில் அந்தத் திருட்டுப் பொருள் கிடைக்கிறது. நாவலில் சின்னத் தங்கச் சிமிழ். 1955-இல் வந்த சத்யஜித் ராய் படத்தில் மாலை. அப்பு யாரிடமும் காட்டவில்லை. நாவலில் மூங்கில் புதருக்குள் எறிகிறான், படத்தில் குளத்தில். படத்தில் குளத்துப் பாசி மெதுவாக விலகி, பிறகு மெதுவாகக் கூடிக்கொள்ளும்.

பல தடவை பார்த்திருக்கிறேன். அக்காவின் சாவில் அப்பு பெரியவனாகவில்லை. பாசி கூடிக்கொள்கிற அந்தச் சில நொடியில் ஆகிறான். இனி அவளுடைய மானம் இவன் பொறுப்பு. அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாது. இத்தனைக்கும் அந்தப் பையன் முகத்தில் ஒன்றுமே நடப்பதில்லை.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ கதையை நான் முதலில் படித்தது கல்லூரியில், சுருக்கப் பதிப்பாக. கல்யாணம் நின்றுபோன மிஸ் ஹாவிஷாம், அன்றைக்கு எட்டே முக்காலுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிட்டு, பூட்டிய மாளிகைக்குள் அதே கல்யாண உடையோடு வாழ்கிறாள். வகுப்பில் எல்லோரும் அதிசயப்பட்டார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆள் இல்லாத பெரிய வீடும் ஓடாத கடிகாரமும் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு உண்டு. பட்டாலைச் சுவரில் சாவி கொடுக்க ஆளில்லாமல் நின்றவை. வருஷத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வருகிறவர்கள் தூசி தட்டிவிட்டுப் போவார்கள்.

மறுபடி முழுசாகப் படித்தபோது கண்ணில் பட்டது வேறு. சின்னப் பையன் பிப், தப்பி வந்த கைதி ஒருவனுக்குப் பயந்து, வீட்டிலிருந்து சாப்பாடும் அரமும் திருடிக் கொடுக்கிறான். அது எனக்குக் குற்றமாகவே தெரிவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஜோவிடம் உண்மையைச் சொல்லலாம் என்று நினைக்கிறான், சொல்லாமல் விட்டுவிடுகிறான். ஜோ அவனுடைய அக்கா புருஷன், கொல்லர், அவனை ஆளாக நடத்துகிற ஒரே மனிதர். சொன்னால் அந்த அன்பு போய்விடுமோ என்று பயம். டிக்கன்ஸ் இதை அரைப் பக்கத்தில் தாண்டிவிடுகிறார். ஆனால் பின்னால், லண்டனில் கனவானாகிவிட்ட பிப்பைப் பார்க்க ஜோ வருகிறபோது தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாற, பிப் கூசிப்போகிறானே, அந்தக் கூச்சத்தின் விதை இந்த அரைப் பக்கத்தில் இருக்கிறது. மறைத்த இடத்தில்தான் முதல் சுவர் எழும்புகிறது. ஜோவின் அந்தத் தொப்பி அடிக்கடி கீழே விழும், சிரிப்பு வரும், படிக்கப் பொறுக்காது.

எல்.பி. ஹார்ட்லியின் ‘தி கோ-பிட்வீன்’ (1953) இன்னும் கூர்மை. கேட்டால் என் கதை மாதிரியே இருக்கும், ஆனால் அதில் வீடு பெரிது, விளைவும் பெரிது. 1900-ஆம் வருஷக் கோடையில், பதின்மூன்று வயது நிறையப் போகிற லியோ, பணக்காரச் சிநேகிதன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறான். அந்த வீட்டுப் பெண் மேரியனுக்கும் பக்கத்துப் பண்ணைக்காரன் டெட்டுக்கும் நடுவே கடிதம் சுமக்கிறான். என்ன சுமக்கிறோம் என்று தெரியாதவரை பெருமை. ஒட்டாத கடிதம் ஒன்றில் கண் ஓடிவிடுகிறது. அப்புறம் பெருமை போய்ப் பயம் வருகிறது. கடைசியில் அவர்கள் சந்திப்பைத் தடுக்க ஒரு சேதியில் நேரத்தை மாற்றிச் சொல்கிறான். டெட் தன்னையே சுட்டுக்கொள்கிறான். அறுபது வயதைத் தாண்டிய லியோ, பழைய டயரியைப் பிரித்துவைத்துக்கொண்டு இதைச் சொல்கிறான். அவன் வாழ்க்கை அந்தக் கோடையிலேயே நின்றுபோனது. எனக்கு இதில் ஒரு குறை: ஆசிரியர் லியோவை இவ்வளவு மொத்தமாக உடைத்திருக்க வேண்டாம். பெரும்பாலானவர்கள் உடைவதில்லை. மாவுருண்டையைத் தின்றுவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போகிறார்கள்.

தமிழில் இதைப் பேச வார்த்தைக்குத் திண்டாட வேண்டியிருக்கிறது. ‘கள்ளமின்மை’ என்றால் மேடைப் பேச்சு. ‘அறியாமை’ என்றால் திட்டுவது போல. ‘வெகுளி’ நன்றாக இருக்கிறது, ஆனால் வள்ளுவரிடம் அதற்குக் கோபம் என்று பொருள். வெகுளாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஒரே சொல்லுக்குள் ஒன்றும் தெரியாத பிள்ளையும் கோபமும் எப்படி வந்து சேர்ந்தன என்று யோசித்தால், யோசிக்கத்தான் தோன்றுகிறது. ஐந்து வயதிலிருந்து ஏழு வரைக்கும் பெண்ணுக்குப் பேதை என்று பெயர். பையனுக்கு அந்தப் பட்டம் இல்லை.

பெண்பிள்ளை விஷயத்தில் நம் மொழி இன்னொன்றையும் முடித்து வைத்துவிட்டது. ‘பெரியவளாகிவிட்டாள்’ என்றால் உடம்பு. மனசு எப்போது பெரிதானது என்று கேட்க வாக்கியமே இல்லை. அம்பையின் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ சிறுகதை சரியாக இந்தச் சந்தில் நுழைகிறது. அம்மா ஊரில் இல்லாதபோது சிறுமி வயதுக்கு வருகிறாள். சுற்றியிருப்பவர்கள் என்னென்னவோ சொல்ல, அம்மா வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கிறாள். இந்தக் கறுத்த பெண்ணுக்கு நீ அழகி என்று காட்டிக்கொண்டே இருந்தவள் அந்த அம்மா. உறவுப் பெண் ஒருத்தியைக் கறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டிக் கழித்துவிட்டுப் போன சலிப்போடு அம்மா திரும்பி வருகிறாள். வந்து சொல்கிற ஒரே ஒரு வாக்கியம்தான் கொலை.

நான் இதுவரை சொன்னதற்கு இந்தக் கதை நேர் எதிர் மாதிரி இருக்கும். இங்கே குழந்தை மறைக்கவில்லை. பெரியவள் அவ்வளவு நாள் மறைத்து வைத்திருந்தது அன்றைக்கு வாய் தவறி வெளியே வந்துவிட்டது. ஊர் உன்னை எப்படிப் பார்க்கும் என்பது அம்மாவுக்கு எப்போதும் தெரியும். அதை மகளுக்குப் படித்துக் காட்டாமல் தாண்டித் தாண்டி வந்திருக்கிறாள். அன்றைக்கு அலுப்பில் அந்த வரியை வாய்விட்டுப் படித்துவிட்டாள். என் மகள் கருப்புதான். இந்தக் கதையை அவள் கையில் எப்போது கொடுப்பது என்பதுதான் அலமாரிப் பிரச்சினையில் இன்னும் தீராத பகுதி.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977) வேறொரு கேள்வியோடு வருகிறது. செகந்திராபாத், 1947, 48. கிரிக்கெட்டும் சைக்கிளும் மாடு தேடுவதுமாகத் திரிகிற சந்திரசேகரன். நிஜாம் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா என்பது அவனைச் சுற்றி எங்கோ நடக்கிற சங்கதி. 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது, ஐந்தே நாளில் முடிந்துவிடுகிறது, அதற்குப் பிறகு ஊரில் கலவரம். அதில் மாட்டிக்கொண்டு ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய்விடுகிறான். அந்த வீட்டுச் சிறுபெண் தன் வீட்டாரைக் காப்பாற்ற அவன் முன்னால் உடையைக் களைந்து நிற்கிறாள். அவன் ஓடுகிறான்.

அவன் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வந்தவன் என்று அந்தப் பெண் நினைத்தாள், அவ்வளவுதான். ஒன்றும் செய்யாமலே ஒரு பக்கத்து ஆளாகிவிட்டோம் என்று தெரிகிற இடம் அது. அசோகமித்திரன் இந்த நாவலில் சில இடங்களில் ‘நான்’ என்று சொல்வார், சில இடங்களில் ‘சந்திரசேகரன்’ என்பார். இளம் வயதில் இந்தத் தாவல் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதுதான் சரி என்று படுகிறது. சிறு வயதில் செய்ததையெல்லாம் நான் செய்தேன் என்று சொல்ல வாய் வருவதில்லை. எங்கள் பக்கத்துக்காரர் ஒருவரும் இதைச் செய்திருக்கிறார். சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்து, இன்னொரு வீட்டுக்குச் சுவீகாரம் போய் நாராயணனாகி, பிறகு தானே வைத்துக்கொண்ட பெயரில் கண்ணதாசனானவர். தன் கதையை ‘வனவாச’த்தில் எழுதும்போது ‘அவன்’ என்றுதான் எழுதினார்.

அப்பத்தாவின் கணவர், எங்கள் ஐயாவும் சுவீகாரம் போகவில்லையே தவிர, சிறு வயதிலேயே வீட்டை விட்டுப் போனவர்தான். 1933-இல், பதின்மூன்று வயதில், பர்மாவுக்கு. இப்படித் தொழிலுக்காகக் கடல் கடந்து போவதைக் கொண்டுவிக்கப் போவது என்பார்கள். அதற்கு முன் பழைய வாய்பாட்டுப் புத்தகமான எண்சுவடி முழுசும் மனப்பாடம், முந்திரி வரைக்கும். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தால் அந்த 320-இல் ஒரு பங்கு தவறினாலும் முதுகில் விழும். பெட்டியடிப் பையன், அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேலாள். மூன்று வருஷம் ஒரு கணக்கு. ஒரு கணக்கு முடிந்தால்தான் ஊர்.

ஐயா பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன பர்மாவில் கப்பல் இருந்தது, காகிதக் குடை இருந்தது, கௌசே என்று ஒரு பதார்த்தமும் முகத்தில் சந்தனம் மாதிரி பூசிக்கொள்கிற பெண்களும் இருந்தார்கள். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்ததும், மலையேறி நடந்தே வந்ததும் இருந்தன. அவையும் சாகசமாகத்தான் இருந்தன. நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம்.

கல்லூரிக்குப் பிறகு பர்மா வரலாற்றைப் படித்தபோது வேறொரு கணக்குக் கண்ணில் பட்டது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் (எங்கள் செட்டியார் சமூகம்) கையில் இருந்த விளைநிலம் 6 சதவீதம். 1938-இல் 25 சதவீதம். நடுவில் உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் அடமான நிலம் கடைக்காரர்களிடம் வந்து சேர்ந்தது. அவர்களுக்கும் நிலம் வேண்டியிருக்கவில்லை, பணம்தான் வேண்டியிருந்தது என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் எங்கள் ஐயா பேரேட்டின் முன் உட்கார்ந்தது சரியாக அந்த வருஷங்களில். ஒரு பர்மிய விவசாயியின் நிலம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போவதைப் பதின்மூன்று வயதுக் கையெழுத்து எழுதியிருக்கிறது. நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் முகம் எதிரே இருந்திருக்கும். அவர்களோடு தன் வயதுப் பையன் ஒருவனும் வந்திருந்தால்?

ஐயாவிடம் நான் கேட்டதில்லை. அந்தப் புத்தகம் கைக்கு வருவதற்குள் அவர் போய்விட்டார். கேட்டிருந்தாலும் குடையைத்தான் சொல்லியிருப்பார். தாண்டிப் படிக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் என்னிடம் தொடங்கவில்லை என்பது மட்டும் எனக்கு அப்போது புரிந்தது.

எங்கள் சமூகத்தில் இந்த மாற்றத்துக்கென்றே சடங்குகள் உண்டு. ஆண் பிள்ளைகளுக்குக் கார்த்திகையில் சூப்பிடி, பெண்களுக்கு மார்கழியில் திருவாதிரை. புதுமை என்று சேர்த்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் எனக்குத் திருவாதிரை செய்தார்கள், நகையெல்லாம் போட்டு. படம் இருக்கிறது. அந்தப் படத்தில் இருக்கிற பெண்ணுக்குப் பத்து வயது, பல் ஒன்று இல்லை, ஒன்றுமே ஆகவில்லை அவளுக்கு.

ஆனது அடுத்த வருஷம், அந்தக் கடிதத்துக்கு மறுநாள்.

அன்றைக்குத் தபால் ஒன்றும் வரவில்லை. இருந்தாலும் நாலரைக்கு அப்பத்தா வளவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நேற்றைய கடிதத்தை இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். வழக்கம்தான், பெரியப்பச்சி கடிதம் என்றால் இரண்டு மூன்று தரம் கேட்பாள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. நேற்று எந்த வார்த்தையில் விட்டேன், எந்த வார்த்தையில் பிடித்தேன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தேன். மழை, பேரன் படிப்பு, மற்றவை நேரில். ஒரு வார்த்தை பிசகவில்லை என்று எனக்கே திருப்தி.

அப்பத்தா பாக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி முடித்துப் பாக்குவெட்டியை மடக்கினாள்.

“நேத்தும் இந்த எடத்துலதான் ஆத்தா மூச்சு வாங்குனே.”

நான் பேசாமல் நின்றேன். அவள் கையை நீட்டினாள், கடிதத்தைக் கொடுத்தேன். மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தாள், எழுத்து கையில் தட்டுப்படும் என்பதைப்போல. மூன்றாங்கட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அப்புறம் அதை என்னிடமே கொடுத்து, “மாடத்துல வச்சிரு. அப்பச்சி வந்து கேட்டா, எனக்குப் படிச்சுக் காட்டலைன்னு சொல்லிரு” என்றாள்.

அப்பச்சி வந்தார், கேட்டார், சொன்னேன். அவர் நம்பினார்.

தை கடைசியில் பெரியப்பச்சி மெட்ராஸிலிருந்து வந்தார். அண்ணனும் தம்பியுமாக முகப்பில் அப்பத்தாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, சுற்றி வளைத்து, கறையான், ஓட்டு ஒழுக்கு, பங்காளிகள் நெருக்கடி என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வந்தார்கள். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பத்தா வாயில் கையை வைத்துக்கொண்டாள், அந்த நிமிஷம்தான் கேள்விப்பட்டவளைப்போல. “அப்படியாப்பா” என்றாள். நான் நிற்கிற தூண் பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.